வைப்பருக்கு அடியில் ஒரு விரிசல்

டிரைவிங் மாஸ்டர் சர்வேயரம்மா வீட்டுக்குள் வரும்போதே கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டார். "என்ன வாசல் இது, ஆள் நுழையற மாதிரியா வச்சிருக்கீங்க?" என்று வாசலைத் திட்டினார். அந்த வாசல் வழியாக ஒரு பெரிய பீரோவே ஒருமுறை உள்ளே வந்திருக்கிறது. ஆனால் வந்தவர் கோபத்தில் இருந்ததால் வாசலுக்காகப் பரிந்து பேச யாரும் முன்வரவில்லை.

"சர்வேயரம்மா, என் காரோட முன் கண்ணாடியை உடைச்சிட்டாங்க. யார் உடைச்சதுன்னு எனக்குத் தெரியும். நீங்க வந்து பார்த்து, ஆமா அவன்தான்னு ஒரு வார்த்தை சொல்லணும்."

"தெரிஞ்சுபோச்சுன்னா நான் எதுக்கு மாஸ்டர்?"

"வீட்டில ஒருத்தரும் நம்ப மாட்டேங்கிறாங்களே!"

சர்வேயரம்மா இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக அடிபட்ட வண்டிகளைப் பார்த்து, அடி எப்படிப் பட்டது என்று சொல்லும் வேலையில் இருந்தவர். வேலை முடிந்து ஓய்வு பெற்றும் பட்டப்பெயர் மட்டும் ஓய்வு பெறவில்லை. அக்கம்பக்கத்தில் எந்த வீட்டில் எது உடைந்தாலும், அது கண்ணாடியோ உறவோ, அவரைத் தேடித்தான் வருவார்கள். அவருடைய கணவர் ஃபோட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தவர். ஸ்டூடியோவை மூடியதிலிருந்து மனைவியின் விஷயங்களில் மூக்கை நுழைப்பதையே முழுநேர உத்தியோகமாக்கிக்கொண்டவர். மாஸ்டர் "உடைச்சிட்டாங்க" என்று சொன்ன உடனேயே அவர் எழுந்து செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

"அவன்தான்னா எவன்?" என்று கேட்டார் சர்வேயரம்மா.

"என் மாப்பிள்ளை. வேற யாரு?"

மாஸ்டர் கதையைச் சொன்னார். மகள், மாப்பிள்ளை, பேத்தி எல்லோரும் அவர் வீட்டிலேயேதான் இருக்கிறார்கள். சில நாட்களுக்கு முன் நல்ல மழை. பேத்தியைப் பள்ளிக்கூடத்திலிருந்து காரில் கூட்டி வரும்போது, சாலையோரத்திலிருந்து வேறொரு சிறுமி குறுக்கே வந்துவிட்டாள். மயிரிழையில் தப்பினாள். பின் சீட்டிலிருந்த பேத்தி அழுதுகொண்டே வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொல்லிவிட்டாள். சாப்பாட்டு மேஜையில் மாப்பிள்ளை, "மாமா, கொஞ்ச நாளைக்கு வண்டியை எடுக்காதீங்க" என்றார். ஊரில் பாதிப் பேருக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்தவரிடம் சொல்லக்கூடிய வார்த்தையா அது?

"வைப்பர் பழசாயிடுச்சு, தண்ணியைச் சரியா துடைக்கலை, அதனால அந்தப் பிள்ளை தெரியலைன்னு சொன்னேன். அவன் கேக்கலை. வார்த்தை தடிச்சுப்போச்சு. மறுநாள் மத்தியானம் தூங்கி எழுந்து பார்க்கறேன், கண்ணாடி விரிஞ்சு கிடக்கு. நான் வண்டியை எடுக்கக் கூடாதுன்னு வேணும்னே உடைச்சிட்டான்."

"அவரைக் கேட்டீங்களா?"

"எல்லாரையும் கூப்பிட்டேன். 'இந்த வண்டியில கை வச்சது யாரா இருந்தாலும் இனிமே இந்த வீட்டில இடமில்லை'ன்னு சொன்னேன். ஒரு வார்த்தை மறுத்தானா? வாயைத் திறக்கலை. பையை எடுத்துட்டு சிநேகிதன் வீட்டுக்குப் போயிட்டான். நாளைக்கு என் பொண்ணும் பேத்தியும் அவன்கூடப் போறாங்களாம். போகட்டும். தப்பு யார் பேர்லன்னு தெரிஞ்சுக்கிட்டுப் போகட்டும்."

கடைசி வாக்கியத்தில் அவர் குரல் உடைந்தது. கோபம் மேலே இருந்ததே தவிர அடியில் இருந்தது பயம்தான். பேத்தி இல்லாத வீட்டை அவரால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

"அவர் வாயைத் திறக்காதப்போ யாரைப் பார்த்துட்டு நின்னாரு?" என்றார் சர்வேயரம்மா.

"இது என்ன கேள்வி? எங்கேயோ பார்த்தான். அடுப்பங்கரைப் பக்கம்."

மாஸ்டர் பஸ்ஸில் வந்திருந்தார். திரும்பும்போது சர்வேயரம்மாவின் காரில் போனார்கள். அவருக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்ததும் மாஸ்டர்தான். ஆகவே பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு, கிளட்சில் கால் வைத்துக்கொண்டே ஓட்டக் கூடாது, கியரை இவ்வளவு முரட்டுத்தனமாகப் போடக் கூடாது என்று பழைய பாடத்தை மறுபடி நடத்தினார். ஒரு சந்து முனையில், மாஸ்டர் இருந்த பக்கத்திலிருந்து சைக்கிள்காரர் ஒருவர் விறுக்கென்று வந்தார். சர்வேயரம்மா பிரேக்கை மிதித்தார். பின் சீட்டிலிருந்த ஸ்டூடியோக்காரர் "ஐயோ" என்றார்.

"எதுக்குத் திடீர்னு பிரேக்? இதையா நான் சொல்லிக்கொடுத்தேன்?" என்றார் மாஸ்டர்.

"மன்னிச்சுக்குங்க மாஸ்டர்" என்று சொல்லிவிட்டு சர்வேயரம்மா வண்டியை நகர்த்தினார். சைக்கிள்காரர் முறைத்துக்கொண்டே போனார்.

மாஸ்டர் வீட்டில் அவர் மனைவி டீ கொண்டுவந்தார். குள்ளமான உருவம், பேச்சு குறைவு. மாஸ்டர் ஒரு வாய் குடித்துவிட்டு, பேசிக்கொண்டே கோப்பையை இடப்பக்கம் வைத்தார். அங்கே மேஜை முடிந்து காற்று ஆரம்பித்திருந்தது. கோப்பை தரையில் விழுந்து நொறுங்கியது. "மேஜையை யார் நகர்த்தினது?" என்று மாஸ்டர் அதற்கும் ஒரு குற்றவாளியைத் தேடினார்.

அவர் மனைவி குனிந்து சில்லுகளைப் பொறுக்கினார். பழைய செய்தித்தாளில் அவற்றை வைத்து, இரண்டு முனைகளையும் மடித்து, அலமாரியிலிருந்து பச்சைத் தையல் நூலை எடுத்துச் சுற்றி முடிச்சுப் போட்டார்.

"குப்பையில போடறதுக்கா இவ்வளவு பத்திரம்?" என்றார் ஸ்டூடியோக்காரர்.

"குப்பை எடுக்கிறவங்க வெறுங்கையைத்தானே விடறாங்க, பாவம்" என்றார் அவர். அந்த வீட்டில் அன்று கேட்ட முதல் அன்பான வார்த்தை அது. பிறகு மாஸ்டரும் வந்தவர்கள் இருவரும் கார் நின்ற கொட்டகைக்குப் போனார்கள்.

கார் மழையில் வந்த கோலத்திலேயே நின்றது. தினமும் துடைத்து மினுக்குகிற மாஸ்டர், சண்டை நடந்த நாளிலிருந்து அதைத் தொடவே இல்லை. சேற்றுத் துளிகள் கண்ணாடி முழுவதும் காய்ந்து படிந்திருந்தன. ஓட்டுகிறவர் பக்கத்தில், கண்ணாடியின் அடிப்பாகத்திலிருந்து விரிசல் கிளம்பி மேலே கிளை கிளையாகப் பிரிந்திருந்தது.

ஸ்டூடியோக்காரர் தரையில் தவழ்ந்து ஒரு கூழாங்கல்லோடு எழுந்தார். "கிடைச்சிடுச்சு! இதை எறிஞ்சுதான் உடைச்சிருக்கான்."

"நான் சொல்லலை?" என்றார் மாஸ்டர்.

சர்வேயரம்மா கல்லை வாங்கிப் பார்த்தார். "கல்லு எந்த இடத்தில பட்டிருக்கும்? காட்டுங்க."

ஸ்டூடியோக்காரர் விரிசலைக் கீழ்நோக்கி விரலால் தொடர்ந்துகொண்டே போனார். விரல் வைப்பரில் போய் நின்றது. வைப்பரை மெல்லத் தூக்கிப் பார்த்தார்கள். நட்சத்திரம்போல் தெறித்த புள்ளி, விரிசலின் வேர், சரியாக வைப்பருக்கு அடியில் இருந்தது. வைப்பரில் ஒரு கீறல்கூட இல்லை.

"அது எப்படி?" என்றார் ஸ்டூடியோக்காரர். "வைப்பரை உடைக்காம அதுக்குக் கீழே இருக்கிற கண்ணாடியை எப்படி அடிக்க முடியும்?"

"வைப்பர் அங்க இல்லாதப்போ அடிக்கலாம்" என்றார் சர்வேயரம்மா. வைப்பரைப் பிடித்திருக்கும் இரும்புக் கையை விரலால் தடவினார். விரலில் காய்ந்த சேறு ஒட்டியது. பிறகு அதன் நுனியில் மாட்டியிருந்த ரப்பர் பட்டையைத் தடவினார். விரல் சுத்தமாக வந்தது. அடுத்த பக்கத்து வைப்பரிலும் அப்படியே. அங்கே கண்ணாடியில் இன்னொன்றும் இருந்தது. சேற்றுப் படலத்தின் நடுவே ஒரு துண்டை மடித்து விரித்த அளவுக்குச் சதுரமாக ஓரிடம் மட்டும் வெளுத்து, நெசவின் கோடுகள்கூடப் பதிந்திருந்தன. ஓட்டுகிறவர் பக்கத்தில் அந்த மாதிரித் தடம் இல்லை.

"மாஸ்டர், வைப்பரை எப்போ மாத்தினீங்க?"

"மாத்தணும்னு நினைச்சிட்டிருந்தேன். எங்க மாத்தினேன்?"

"உங்க மாப்பிள்ளைக்கு என்ன வேலை?"

"லிஃப்ட் ரிப்பேர்."

சர்வேயரம்மா தலையாட்டினார். "என்னங்க, குப்பைத் தொட்டியைக் கொஞ்சம் பாருங்க. நீளமா எதாவது இருக்கும்" என்று கணவரிடம் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் அவர் தொட்டிக்குள் தலையை விட்டிருந்தார். வெளியே வந்தபோது கையில் நீளமான செய்தித்தாள் பொட்டலம் ஒன்று இருந்தது. இரு முனையும் மடித்து, பச்சை நூலால் சுற்றிக் கட்டிய பொட்டலம்.

"ஆயுதம்!" என்றார் அவர் மூச்சு வாங்க. பிறகு அந்த நூலைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. துப்பு கிடைத்த சந்தோஷம் அப்படியே வடிந்துபோனது. "ஏம்மா, இது அந்த அக்கா…" என்று ஆரம்பித்தவரைச் சர்வேயரம்மா கண்ணாலேயே நிறுத்தினார். மாஸ்டர் அப்போது காரின் மறுபக்கம் நின்று பானெட்டைத் தடவிக்கொண்டிருந்தார்.

சர்வேயரம்மா தனியாக அடுப்பங்கரைக்குப் போனார். மாஸ்டரின் மனைவி ஒரே பாத்திரத்தை வெகுநேரமாகத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, நான் சொல்லட்டுமா, நீங்களே சொல்றீங்களா?"

தண்ணீர்க் குழாயை மூடினார் அவர். "மாப்பிள்ளையையும் கூப்பிடுங்க. அவர் முன்னாடியே சொல்றேன்" என்றார்.

மாலையில் எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளை வேலைச் சட்டையோடு வந்து வாசலருகே நின்றார். மகள் அவர் பக்கத்தில் போய் நின்றாள். குழந்தையை அறையில் விளையாட விட்டிருந்தார்கள்.

"மாஸ்டர், கண்ணாடியை யாரும் வேணும்னு உடைக்கலை" என்று ஆரம்பித்தார் சர்வேயரம்மா. "யாரோ வைப்பரை மாத்தியிருக்காங்க. பழைய ரப்பர் பிளேடைக் கழட்டினதும் அந்த இரும்புக் கை வெறுமனே நிக்கும். அதுக்குள்ள ஸ்பிரிங் இருக்கு. கொஞ்சம் தட்டுப்பட்டாலும் படார்னு வந்து கண்ணாடியில விழும். அதனாலதான் விரிசலோட வேர் வைப்பருக்கு அடியில இருக்கு."

"சரி, மாத்தினவன் இவன்தான்! கழட்டற மாதிரி கழட்டி உடைச்சிருக்கான்."

"இவர் லிஃப்ட் ரிப்பேர் பண்றவர். விழக்கூடிய எதையும் முதல்ல முட்டுக் கொடுத்துட்டுத்தான் தொடுவார். இவர் மாத்தியிருந்தா ரெண்டு பக்கமும் துணியைப் போட்டிருப்பார். இங்க ஒரு பக்கம்தான் துணி போட்ட தடம் இருக்கு. அதாவது முதல் பக்கம் துணி இல்லாம செஞ்சு, கண்ணாடி விரிஞ்சு, பயந்துபோய், ரெண்டாவது பக்கத்துக்கு ஈரத்துண்டை விரிச்சு வேலையை முடிச்சிருக்காங்க. உடைக்க வந்தவங்க, உடைஞ்ச பிறகும் இருந்து மிச்ச வேலையை முடிப்பாங்களா? உங்களுக்கு மழையில தெரியணும்னு நினைச்சவங்கதான் முடிப்பாங்க."

குப்பைத் தொட்டியில் கிடைத்த நீளப் பொட்டலத்தை அவர் மேஜை மீது வைத்தார். பக்கத்தில் காலையில் கோப்பைச் சில்லுகளைக் கட்டிய பொட்டலத்தையும் வைத்தார். இரண்டிலும் ஒரே பச்சை நூல், ஒரே முடிச்சு.

மாஸ்டர் இரண்டையும் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார்.

"நான்தான்" என்றார் அவர் மனைவி. "வைப்பர் சரியில்லை, அதனாலதான் பிள்ளை தெரியலைன்னு சொன்னீங்க. அது ஒண்ணுக்காக ரெண்டு பேரும் அடிச்சுக்கணுமான்னு நினைச்சேன். கடையில வண்டியோட ஃபோட்டோவைக் காட்டி வாங்கிட்டு வந்தேன். நீங்க தூங்கினப்போ முக்காலியைப் போட்டு ஏறி, ஃபோன்ல வீடியோவைப் பார்த்துப் பார்த்துச் செஞ்சேன். நீங்க உக்கார்ற பக்கத்தை முதல்ல மாத்தணும்னு தோணுச்சு. துணியைப் போட்டுக்கோன்னு அந்த ஆள் கடைசியிலதான் சொல்றான். அதுக்குள்ள கை நழுவிடுச்சு."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொல்லத்தான் வந்தேன். நீங்க அதுக்குள்ள, கை வச்சது யாரா இருந்தாலும் வீட்டில இடமில்லைன்னு கத்தினீங்களே."

மாப்பிள்ளை முதல்முறையாக வாயைத் திறந்தார். "சாப்பிட வந்தப்போ அத்தை முக்காலியில நின்னதைப் பார்த்தேன் மாமா. விரிஞ்ச கண்ணாடியையே பார்த்துட்டு இருந்தாங்க. எனக்குப் போறதுக்கு சிநேகிதன் வீடு இருக்கு. அத்தை எங்க போவாங்க?"

ஸ்டூடியோக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கேஸ் முடிந்தது என்று எழுந்துவிட்டார். சர்வேயரம்மா எழுந்திருக்கவில்லை. மீதியைச் சொல்ல அவருக்கு விருப்பமே இல்லை. சொல்லாமல் போகவும் மனம் வரவில்லை.

"மாஸ்டர், இன்னும் ஒண்ணு இருக்கு."

நீளப் பொட்டலத்தைப் பிரித்துப் பழைய பிளேடு ஒன்றை எடுத்தார். ஜன்னல் கண்ணாடியில் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றி, பிளேடை அழுத்தி ஒரே இழுப்பாக இழுத்தார். தண்ணீர் ஒரு சொட்டு மிச்சமில்லாமல் வழித்துக்கொண்டு போனது. ரப்பரை வளைத்துக் காட்டினார். வெடிப்பு இல்லை, கிழிசல் இல்லை.

"இது பழசு இல்லை. நல்லாத்தான் துடைக்குது. இதை மாத்த வேண்டிய அவசியமே இல்லை."

மாஸ்டரின் மனைவி அந்தச் சுத்தமான கண்ணாடியையே பார்த்தார். "அப்புறம் ஏன் அந்தப் பிள்ளை தெரியலை?" என்றார்.

மாஸ்டர் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"என் வாசல்ல தோளை இடிச்சுக்கிட்டீங்க" என்றார் சர்வேயரம்மா, முடிந்தவரை மெதுவாக. "உங்க பக்கத்திலிருந்து வந்த சைக்கிள்காரர் உங்களுக்குத் தெரியலை. மேஜை எங்க முடியுதுன்னு தெரியலை. தினம் துடைச்ச வண்டியில புது வைப்பர் மாட்டியிருக்கிறது தெரியலை. நேரா பார்க்கிறது தெரியுது. ஓரத்தில இருக்கிறது, கீழே இருக்கிறது தெரியலை. உங்களுக்கு இது முன்னாடியே தெரியும், இல்லையா?"

மாஸ்டர் பேசினார். அதட்டல் எல்லாம் போய் வேறு யாரோ பேசுவதுபோல் இருந்தது. "டாக்டர் போன வருஷமே சொன்னார். கண்ணுக்குள்ள அழுத்தமாம். ஓரத்துப் பார்வை கொஞ்சம் கொஞ்சமா போயிடுமாம். போனது திரும்பாது, தினம் சொட்டு மருந்து விட்டா இருக்கிறதைக் காப்பாத்தலாம்னார். வீட்டில மருந்தைப் பார்த்தா கேப்பீங்க, கேட்டா வண்டியை எடுக்க விடமாட்டீங்க. அதனால மருந்தே விடலை." கொஞ்சம் நிறுத்தினார். "அந்தப் பிள்ளை நிஜமாவே என் கண்ணுக்குத் தெரியலை. வைப்பர்னு வாயில வந்தது, சொல்லிட்டேன். யாரு போய் சரிபார்க்கப் போறாங்கன்னு நினைச்சேன்."

"நான் நம்பினேனே" என்றார் அவர் மனைவி.

மாஸ்டருக்கு அதுவே போதுமானதாக இருந்தது. முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு அழுதார். ஒரு நல்ல மனிதரை வீட்டைவிட்டுத் துரத்தியதற்காகவும், மருந்து விடாமல் வீணாக்கிய நாட்களுக்காகவும், தன் பொய்யை உண்மை என்று நம்பி முக்காலியில் ஏறி நின்ற மனைவிக்காகவும் சேர்த்து அழுதார்.

மாப்பிள்ளை வந்து அவர் தோளில் கை வைத்தார். "நாளைக்கு நான் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன் மாமா."

"வீட்டுக்கு வந்துடுப்பா. தப்பெல்லாம் என் மேல."

மாப்பிள்ளை தன் மனைவியைப் பார்த்தார். அவள்தான் பதில் சொன்னாள். "வேற வீடு பார்த்தாச்சுப்பா. ஞாயித்துக்கிழமை வருவோம். பாப்பாவைக் கூட்டிட்டு வருவோம்." அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் கெஞ்சிப் பார்த்திருக்கலாம் என்று மாஸ்டருக்குத் தோன்றியது.

சட்டைப் பையில் துழாவி அவர் கார் சாவியை எடுத்தார். மாப்பிள்ளையிடம் தருவார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் அதை மனைவியிடம் நீட்டினார்.

"இனிமே இது உன்கிட்ட இருக்கட்டும்."

அவர் மனைவி சாவியை வாங்கவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, மேஜை மேல் பிரிந்து கிடந்த செய்தித்தாளை மடிக்க ஆரம்பித்தார். பழைய பிளேடுகளை அதில் வைத்து, இரண்டு முனைகளையும் மடித்து, பச்சை நூலைத் தேடினார்.

"ஊர்ல இருக்கிறவங்களுக்கெல்லாம் கத்துக்கொடுத்தீங்க" என்றார், தலையை நிமிர்த்தாமலே. "நம்ம பொண்ணு வயித்தில இருந்தப்போ, எனக்கும் சொல்லிக்கொடுங்கன்னு கேட்டேன். உனக்கு எதுக்கு, நான் இருக்கேனே, எங்க வேணும்னாலும் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னீங்க. அன்னைக்கு இந்தச் சாவியை நீட்டியிருந்தா, இன்னைக்கு உங்களைப் பக்கத்தில உக்கார வச்சு நான் ஓட்டியிருப்பேன்."

அவர் முடிச்சுப் போட்டு நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். மாஸ்டரின் கை சாவியோடு அப்படியே நீட்டியபடி இருந்தது.